மேக்ஸ்-டோவாஸ் கணக்கில் இரண்டு மாதிரிகள் ஒத்துப்போகவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழை தேடும் வழிமுறை

ஒரே வளிமண்டலம், ஒரே சூரியன், வானொளியைப் பல கோணங்களில் அளக்கும் ஒரே மேக்ஸ்-டோவாஸ் தொலைநோக்கி. வளிமண்டலத்தில் ஒளி எப்படிப் பயணிக்கிறது என்று கணிக்கும் கணினி மாதிரியான சியாட்ரானில் ஓட்டினால் ஒரு எண் வருகிறது, அதே வகை மாதிரியான லிப்ராட்ரானில் ஓட்டினால் வேறொன்று. இரண்டில் எது சரி என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இந்தக் கதிர்வீச்சுக் கடத்தல் மாதிரிகளை ஏற்கெனவே பலர் ஒன்றோடொன்று உரசிப் பார்த்திருக்கிறார்கள். 2006இல் ஃபிரான்சுவா ஹென்ட்ரிக் குழுவும் 2007இல் தாமஸ் வாக்னர் குழுவும் வெளியிட்ட ஒப்பீடுகள் தரையிலிருந்து வானைப் பார்க்கும் கருவிகளுக்காகவே செய்யப்பட்டவை. பெரும்பாலான நிலைகளில் மாதிரிகள் நன்றாகவே ஒத்துப்போயின. எனவே உங்கள் திரையில் 20 சதவீத வித்தியாசம் தெரிந்தால் இயற்பியலைச் சந்தேகிக்க அவசரம் வேண்டாம். ஒரு மாதிரிக்கு எழுதிய உள்ளீட்டை இன்னொன்றுக்கு மாற்றி எழுதும்போது ஏதோ நழுவியிருக்கும்.

எது நழுவியது என்பதை வித்தியாசத்தின் அளவு சொல்லாது. அது எதனோடு சேர்ந்து கூடுகிறது என்பதுதான் சொல்லும். தாழ்ந்த ஏற்றக் கோணத்தில் (அடிவானத்திலிருந்து பார்வை உயரும் கோணம்) மட்டும் வருகிறதா, நீண்ட அலைநீளத்தில் வளர்கிறதா, சூரியன் இருக்கும் பக்கத்தைப் பொறுத்துப் புரள்கிறதா என்று பாருங்கள். கீழே உள்ள அறிகுறிகள் அந்த அடிப்படையில்தான் பிரிக்கப்பட்டிருக்கின்றன.

மேக்ஸ்-டோவாஸ் கருவி சிதறிய சூரிய ஒளியை 1, 3, 6, 10, 20, 90 டிகிரி போன்ற ஏற்றக் கோணங்களில் அளக்கிறது. அதிலிருந்து கிடைப்பது நைட்ரஜன் டை ஆக்சைடு போன்ற நுண்ணளவு வாயுக்களின் சாய்வு நிரல், அதாவது ஒளி வந்த சாய்ந்த பாதை முழுவதும் உள்ள வாயுவின் அளவு. அதைச் செங்குத்து நிரலாக்க, அதாவது தரைக்கு நேர்மேலே உள்ள அளவாக்க, உதவும் விகிதம் வளிநிறைக் காரணி. அதையே ஒவ்வொரு உயர அடுக்குக்கும் தனித்தனியாகச் சொன்னால் அடுக்குக் காரணி. மாதிரிகளை ஒப்பிட அடுக்குக் காரணிதான் நல்ல அளவுகோல். மொத்தக் காரணியில் கீழடுக்குப் பிழையும் மேலடுக்குப் பிழையும் ஒன்றையொன்று மறைத்துவிடும்.

தொடங்கும் முன்

ஏரோசாலையும் (காற்றில் மிதக்கும் துகள்கள்) மேகத்தையும் எடுத்துவிடுங்கள். காற்று மூலக்கூறுகளின் ரேலே சிதறல் மட்டும் இருக்கட்டும். தரை அல்பீடோ (தரை திருப்பியனுப்பும் ஒளியின் பங்கு) இரண்டிலும் ஒன்றே, தளவிளைவு (போலரைசேஷன்) இரண்டிலும் அணைத்து, பார்வை அகலம் பூஜ்யம். 360, 577 நானோமீட்டர் இரண்டிலும் ஓட்டுங்கள். ஒளிச்செறிவைப் பார்ப்பதற்கு முன் ஒவ்வொரு மாதிரியும் தான் பயன்படுத்திய மொத்த ரேலே ஒளியியல் ஆழத்தை (சிதறல் ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்ற அளவு) அச்சிடச் சொல்லுங்கள். கடல்மட்டத்தில் அது 360இல் ஏறத்தாழ 0.55, 477இல் 0.17, 577இல் 0.08. இங்கேயே ஒத்துப்போகாவிட்டால் மேலே போவதில் அர்த்தமில்லை. தரை அழுத்தம், வெப்பநிலை அட்டவணை, வளிமண்டல உச்சியை எங்கே வெட்டினீர்கள் என்ற மூன்றையும் பாருங்கள்.

அறிகுறி: எல்லாக் கோணத்திலும் ஒரே மடங்கு வித்தியாசம்

இதுதான் அதிர்ஷ்டமான பிழை. ஒளிச்செறிவு சரியாக 3.14 மடங்கு தள்ளி நிற்கிறதென்றால், ஒரு மாதிரி உள்ளே வரும் சூரிய ஒளியை 1 என்றும் மற்றது பை என்றும் வைத்துக்கொண்டிருக்கிறது. வளிநிறைக் காரணி ஒளிச்செறிவின் விகிதத்திலிருந்து வருவதால் இதனால் அதற்கு ஒன்றும் ஆகாது. குறித்து வைத்துவிட்டு நகருங்கள்.

வளிநிறைக் காரணி ஒத்துப்போய் சாய்வு நிரல் மட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் செங்குத்து நிரலைப் பாருங்கள். ஓ4இல் இது அடிக்கடி நடக்கும். இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறுகள் மோதும்போது உண்டாகும் உட்கவர்தல் என்பதால் அதன் அளவு ஆக்சிஜன் செறிவின் வர்க்கத்தைப் பொறுத்தது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு 0.2095. அதையும் வர்க்கமாக்க வேண்டும். ஒரு தடவை மட்டும் பெருக்கினால் 4.8 மடங்கு அதிகம் வரும், பெருக்கவே மறந்தால் 22.8 மடங்கு. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்திருங்கள், பார்த்தவுடன் அடையாளம் தெரியும். ஆனால் தேட வேண்டிய இடம் செங்குத்து நிரல்தான். இவ்வளவு பெரிய பிழையில் உட்கவர்தலே கனத்துப்போய் வளிநிறைக் காரணியும் கோணத்துக்குக் கோணம் இறங்கிவிடும், சாய்வு நிரலில் அந்த மடங்கு சுத்தமாகத் தெரியாது. கடல்மட்டத்தில் ஓ4 செங்குத்து நிரல் 1.3×10⁴³ பக்கத்தில் இருக்க வேண்டும். அலகு, சதுர சென்டிமீட்டருக்கு அல்ல, சென்டிமீட்டர் ஐந்தாம் அடுக்குக்கு மூலக்கூறு வர்க்கம். உட்கவர்தலின் வலிமையைச் சொல்லும் குறுக்குப் பரப்பு 10⁻⁴⁶ வரிசையில் இருப்பதால் பல கோப்புகளில் அதைப் பெரிய எண்ணால் பெருக்கி வைத்திருப்பார்கள். கோப்பின் தலைப்பு வரியைப் படிக்காமல் நுழைக்காதீர்கள்.

விகிதம் மாறி, வித்தியாசம் மட்டும் மாறாமல் இருந்தால் வேறு கதை. ஒரு பக்கம் 90 டிகிரி மதிப்பைக் கழித்திருக்கிறீர்கள், இன்னொரு பக்கம் கழிக்கவில்லை.

அறிகுறி: காலையில் ஒன்று ஓங்குகிறது, மாலையில் மற்றொன்று

சூரியனை ஒட்டிப் பார்வை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்ற திசைக்கோணம் புரண்டிருக்கிறது. சூரியனை நோக்கிப் பார்ப்பதைச் சில மாதிரிகள் 0 டிகிரி என்கின்றன, சில 180 என்கின்றன. ஒளித்துகள் போகும் திசையைச் சொல்வதா, கண் பார்க்கும் திசையைச் சொல்வதா என்ற பழைய குழப்பம்தான் இது. சோதிப்பது சுலபம். சூரியனுக்கும் பார்வைத் திசைக்கும் இடையே 90 டிகிரி வைத்து ஓட்டுங்கள். எந்த வழக்கத்திலும் 90, 90தான். அங்கே ஒத்துப்போய் 0இலும் 180இலும் விடைகள் இடம் மாறி நின்றால் விஷயம் முடிந்தது.

இதில் ஒரு பொறி உண்டு. இந்தச் சோதனையை ரேலே மட்டும் உள்ள வானத்தில், அடிவானத்துக்கு அருகில் செய்யாதீர்கள். ரேலே சிதறல் முன்னும் பின்னும் சமச்சீரானது. அடிவானத்தைப் பார்க்கும்போது சூரியன் பக்கம் திரும்பினாலும் எதிர்ப்பக்கம் திரும்பினாலும் ஒற்றைச் சிதறலின் பலம் ஏறக்குறைய ஒன்றே. பிழை அழகாக ஒளிந்துகொள்ளும். ஏரோசால் சேர்த்த அன்றைக்குத்தான் வெளியே வரும், அப்போது ஏரோசாலின் மேல் பழி விழும். எனவே திசைக்கோணத்தை மட்டும் கொஞ்சம் ஏரோசால் போட்டு, அல்லது 20, 30 டிகிரி ஏற்றத்தில் சோதியுங்கள்.

அறிகுறி: 1 டிகிரியில் மட்டும் எகிறுகிறது, அலைநீளம் எதுவானாலும்

ஏற்றக் கோணம் உள்ளே எப்படிப் போகிறது என்று பாருங்கள். லிப்ராட்ரான் பார்வைக் கோணத்தின் கொசைனைக் கேட்கும், மேல்நோக்கிப் பார்ப்பதற்கு அது எதிர்மறை எண். 1 டிகிரி ஏற்றத்துக்கு அது -0.01745. யாராவது அதை -0.02 என்று சுருக்கி எழுதியிருந்தால் கருவி உண்மையில் 1.15 டிகிரியில் பார்க்கிறது. 10 டிகிரியில் இதே அலட்சியம் கண்ணுக்கே தெரியாது, 1 டிகிரியில் பாதையின் நீளத்தையே மாற்றிவிடும். ஐந்து தசம இடமாவது கொடுங்கள்.

பார்வை அகலமும் இதே மாதிரி அறிகுறி காட்டும். மெக்ஆர்ட்டிம் போன்ற மான்டி கார்லோ மாதிரிகளில் (ஒளித்துகள்களைச் சீரற்ற எண்களைக் கொண்டு பின்தொடர்பவை) தொலைநோக்கியின் அகலத்தைச் சேர்த்து ஓட்டலாம். விலிடார்ட் போன்றவை ஒற்றைக் கதிரைத்தான் கணிக்கும். ஒரு டிகிரி அகலம் கொண்ட கருவி 1 டிகிரியில் பார்க்கும்போது அரை டிகிரியிலிருந்து ஒன்றரை டிகிரி வரை கலந்து வாங்குகிறது.

அறிகுறி: தாழ்ந்த கோணம், நீண்ட அலைநீளம், தெளிந்த வானம்

360இல் இரண்டும் ஒட்டிக்கொண்டு போகின்றன. 577இல் 1 டிகிரியிலும் 3 டிகிரியிலும் பிரிகின்றன. ஏரோசால் போட்டால் வித்தியாசம் குறைகிறது! பலரைக் குழப்புவது இந்தக் கடைசி வரிதான், ஆனால் துப்பும் அதுவே. இது பூமியின் வளைவு.

தட்டைப் பூமிக் கணக்கில் 1 டிகிரியில் போகும் பார்வைக்கோடு 50 கிலோமீட்டர் தொலைவில் 0.87 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். பூமி வளைந்திருப்பதால் உண்மையில் அதோடு இன்னொரு 0.2 கிலோமீட்டர் கூடும். 100 கிலோமீட்டர் தொலைவில் தட்டைக் கணக்கு 1.75 என்கிறது, வளைவைச் சேர்த்தால் 2.5க்கு மேல். நீங்கள் தேடும் வாயு முதல் கிலோமீட்டரில் அடைந்து கிடக்கிறதென்றால் இது சின்ன விஷயமல்ல.

ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து ஒளி வந்து சேர்ந்தால்தானே அந்த வளைவு தெரியும்? 360 நானோமீட்டரில் தரையருகே ஒளி சராசரியாக 15 கிலோமீட்டர் போவதற்குள் ஒருமுறை சிதறிவிடுகிறது. அந்தத் தூரத்தில் வளைவின் பங்கு 20 மீட்டருக்கும் குறைவு. 577இல் அதே சராசரித் தூரம் 100 கிலோமீட்டர் அளவுக்கு நீள்கிறது. கிலோமீட்டருக்கு 0.1 ஒளிமறைப்பு உள்ள ஏரோசாலைப் போட்டால் அலைநீளம் எதுவானாலும் பாதை 10 கிலோமீட்டருக்குள் சுருங்கிவிடும், வளைவும் மறைந்துபோகும். 2007 ஒப்பீட்டிலும் சிதறல் குறைவாக உள்ள நீண்ட அலைநீளங்களில்தான் மாதிரிகள் குறிப்பிடத்தக்க அளவு பிரிந்தன. பூமியின் கோள வடிவத்தையும் ஏரோசால் சிதறலையும் அவை கையாளும் விதமே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது.

செய்ய வேண்டியது: மாதிரியின் ஆவணத்தில் "கோளம்" என்று எழுதியிருப்பதோடு நிற்காமல், எது கோளம் என்று கேளுங்கள். போலிக்கோள முறை (சூடோ-ஸ்பெரிக்கல்) என்று சொல்லப்படுவதில் சூரியனிலிருந்து வரும் நேர்க்கதிர் மட்டும்தான் வளைந்த வளிமண்டலத்தில் கணிக்கப்படுகிறது, அதன்பின் எல்லாம் தட்டை. சூரியன் தாழ்ந்திருக்க உச்சிவானைப் பார்க்கும் அளவீட்டுக்கு அது பெரும்பாலும் போதும். தாழ்ந்த ஏற்றக் கோணத்தில் பார்வைக்கோடும் வளைந்தாக வேண்டும். வேறு மாதிரி கையில் இல்லாவிட்டால் 1 டிகிரி, நீண்ட அலைநீளம், தெளிந்த வானம் மூன்றும் சேரும் புள்ளிகளை ஒப்பீட்டிலிருந்து விலக்கி, விலக்கியதை எழுதி வையுங்கள்.

அறிகுறி: ரேலேயில் ஒட்டி, ஏரோசாலில் பிரிகிறது

நேரம் அதிகம் தின்னும் அறிகுறி இது. மூன்று இடங்களில் தேட வேண்டும்.

முதலில் மொத்த ஏரோசால் ஒளியியல் ஆழம். தரையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை கிலோமீட்டருக்கு 0.5 என்று கொடுத்தீர்கள், மொத்தம் 0.5 வர வேண்டும். ஆனால் சில மாதிரிகள் எண்ணை அடுக்குக்கு உரியதாக எடுத்துக்கொள்ளும், சில அதை மட்டத்தில் வைத்து அடுத்த மட்டம் வரை நேர்கோடு இழுக்கும். அடுத்த மட்டம் 2 கிலோமீட்டரில் இருந்தால் நடுவே ஒரு முக்கோணம் முளைத்து மொத்தம் 0.75 ஆகிவிடும். கட்டத்தை நெருக்கமாக்கி, விளிம்புக்கு மேலே சில மீட்டரில் பூஜ்யத்தை வைத்தால் தீரும். அதோடு, நீங்கள் கொடுத்தது மொத்த ஒளிமறைப்பா, சிதறல் மட்டுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சிதறல் கோணப் பரவல், அதாவது துகள் எந்தக் கோணத்தில் எவ்வளவு ஒளியைச் சிதறடிக்கிறது என்பது. அதைத் தோராயமாகச் சொல்லும் ஹென்யி-கிரீன்ஸ்டீன் சூத்திரத்தில் சமச்சீரின்மை எண் 0.68 என்று கொடுப்பது வழக்கம். லெஜாண்டர் குணகங்களாகக் கொடுக்கும்போது டிஸார்ட் வகை மாதிரிகள் 1, 0.68, 0.46 என்று எதிர்பார்க்கும். லிடார்ட் வகை அவற்றை முறையே 1, 3, 5 என்ற ஒற்றைப்படை எண்களால் பெருக்கி 1, 2.04, 2.31 என்று எதிர்பார்க்கும். முதல் பட்டியலை இரண்டாவதற்கு ஊட்டினால் அது சமச்சீரின்மையை 0.68க்குப் பதில் 0.23 என்று படித்துக்கொள்ளும். பிழைச்செய்தி எதுவும் வராது, கணக்கு சமர்த்தாக முடியும். ஆனால் சூரியன் பக்கத்து வானம் மங்கியிருக்கும், எதிர்ப்பக்கம் தேவையில்லாமல் பளிச்சிடும்.

மூன்றாவது, ஸ்ட்ரீம்களின் எண்ணிக்கை, அதாவது மாதிரி ஒளியை எத்தனை திசைகளாகப் பிரித்துக் கணிக்கிறது என்பது. 0.68க்கு 16 ஸ்ட்ரீம் தாராளம், பதினாறாவது குணகம் 0.002தான். சமச்சீரின்மை 0.9 என்றால் அதே குணகம் 0.19, வெட்டினால் வலிக்கும். ஒளிச்செறிவு திசைக்கோணத்தோடு அலை அலையாக ஏறி இறங்கினால் இதுதான் காரணம். எண்ணிக்கையை இரட்டிப்பாக்குங்கள், முன்பக்கச் சிதறலின் கூர்முனையைத் தனியே கையாளும் டெல்டா-எம் சுருக்கமும் ஒற்றைச் சிதறல் திருத்தமும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். உண்மையான மீ சிதறல் பரவலை (உருண்டைத் துகளுக்கான முழுக் கணக்கு) வைத்து ஓட்டுபவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். பருவமழைக்கு முன் புழுதி பறக்கும் சிந்து-கங்கைச் சமவெளியில், மொகாலி போன்ற இடத்தின் அளவீடுகளை வைத்து வேலை செய்பவர்களுக்கு இது ஏட்டுச் சிக்கல் அல்ல. பெரிய துகள்கள் ஒளியை முன்பக்கமாகவே தள்ளும். ஹென்யி-கிரீன்ஸ்டீன் சூத்திரம் அந்தக் கூர்முனையைச் சரியாகக் காட்டாது. ஒரு மாதிரியில் மீயும் இன்னொன்றில் சூத்திரமும் வைத்துவிட்டு மாதிரிகள் ஒத்துப்போகவில்லை என்று சொல்வது அநியாயம்.

அறிகுறி: அடுக்குக் காரணி ரம்பப் பல் போல ஏறி இறங்குகிறது

மான்டி கார்லோ மாதிரியா? சீரற்ற எண்களைத் தொடங்கிவைக்கும் விதை எண்ணை மாற்றி மறுபடி ஓட்டுங்கள். பற்கள் இடம் மாறினால் அது இரைச்சல். ஒளித்துகள்களை நான்கு மடங்காக்கினால் இரைச்சல் பாதியாகும், அவ்வளவுதான் குறையும். மெல்லிய அடுக்குகளில்தான் அது அதிகம். அதற்காக அடுக்கைத் தடிமனாக்கினால் ஒப்பிடும் இரண்டு மாதிரியிலும் ஒரே அளவில் செய்யுங்கள்.

பற்கள் நகராமல் அதே இடத்தில் நின்றால் வகையீடு எடுக்கும் முறையைப் பாருங்கள். அடுக்கில் கொஞ்சம் உட்கவர்தலைச் சேர்த்து, ஒளிச்செறிவின் மடக்கை எவ்வளவு மாறியது என்று பார்ப்பதுதான் எளிய வழி. சேர்த்தது 10⁻⁶ என்றால் ஏழு இலக்கத் துல்லியத்தில் ஓடும் கணினி நிரலில் மிஞ்சுவது குப்பைதான். 0.1 என்றால் தாழ்ந்த கோணத்தில் அடுக்குக் காரணி பத்துகளில் இருப்பதால் நேர்கோட்டுத் தன்மை உடைந்துபோகும். 10⁻³ஐ ஒட்டி வைத்து, பாதியாகவும் இரட்டிப்பாகவும் மாற்றிப் பாருங்கள். விடை அசையாத இடத்தில் நில்லுங்கள். வகையீட்டைச் சூத்திரமாகவே தரும் மாதிரிகளில் இந்தத் தலைவலி இல்லை. 1 டிகிரியில் வடிவியல் பாதை செங்குத்தைப்போல் 57 மடங்கு. உங்கள் காரணி அதைப் பெரிதும் தாண்டினால் அப்படியே நம்பிவிட வேண்டாம்.

அறிகுறி: புற ஊதாவில் ஒளிச்செறிவு மட்டும் விலகுகிறது

ஒரு மாதிரி தளவிளைவைக் கணக்கில் எடுக்கிறது, மற்றது எடுக்கவில்லை. ரேலே வானத்தில் இதனால் ஒளிச்செறிவு 10 சதவீதம் வரைகூட விலகலாம். வளிநிறைக் காரணியில் விகிதம் எடுக்கும்போது பெரும்பகுதி கழிந்துவிடும். காரணி ஒத்துப்போகிறதென்றால் இதற்காக இரவைத் தொலைக்க வேண்டாம்.

அறிகுறி: மாதிரிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன, அளவீட்டோடு இல்லை

எல்லாம் சரிசெய்தபின் வரும் அறிகுறி இது. ஓ4 அளவீடு மாதிரியைவிட 20, 25 சதவீதம் அதிகமாக வருகிறது. இதற்கு ஒரு சுருக்குவழி வழக்கத்தில் இருக்கிறது: அளவீட்டை 0.8 போன்ற ஒரு காரணியால் பெருக்கிவிடுவது. 2010இல் வெளியான பெய்ஜிங் அளவீட்டு ஆய்வு 1.25ஆல் வகுத்தது. அந்த எண் பிறகு பல இடங்களில் கேள்வி கேட்கப்படாமலே புழங்கியது.

2013 கோடையில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் நடந்த மேட்-கேட் அளவீட்டு முகாமிலிருந்து வாக்னர் குழு இரண்டு நாட்களை எடுத்து ஒவ்வொரு பிழை மூலத்தையும் பிரித்து ஆராய்ந்தது. ஜூன் 18 அன்று அளவீடும் மாதிரியும் பிழை எல்லைக்குள் ஒத்துப்போயின, காரணியே வேண்டியிருக்கவில்லை. ஜூலை 8 அன்று சுமார் 0.82 தேவைப்பட்டது. கருவி ஒன்றே, இடமும் ஒன்றே. மாதிரிகளுக்கிடையே இருந்த வித்தியாசத்தால் இதை விளக்க முடியவில்லை. சூரியனையே நேராகப் பார்த்து அளக்கும்போது ஒளிப்பாதை வெறும் வடிவியல். அங்கே ஆய்வகக் குறுக்குப் பரப்பு காரணி எதுவும் இல்லாமலே பொருந்துகிறது. ஆகவே குறுக்குப் பரப்பின் மேல் பழி போடுவதும் கடினம்.

காரணியைத் தொடுவதற்கு முன் சோதிக்க வேண்டியவை சில உண்டு. அன்றைய உண்மையான அழுத்தமும் வெப்பநிலையும்: அழுத்தம் 1 சதவீதம் மாறினால் ஓ4 2 சதவீதம் மாறும், வெப்பநிலை 10 டிகிரி தவறினால் மூன்று, நான்கு சதவீதம். உயரத்தில் தனியே மிதக்கும் ஏரோசால் அடுக்கு: தரையிலிருந்து மேலே போகப்போகக் குறைவதாகவே கணக்கில் வைத்திருந்தால் அந்த அடுக்கு தெரியவே தெரியாது, லைடார் (லேசர் ஒளியால் துகள்களின் உயரத்தை அளக்கும் கருவி) அளவீடு பக்கத்தில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மெல்லிய மேகம். அப்புறம் தொலைநோக்கியின் ஏற்றக் கோணம். நெதர்லாந்தின் கபாவ் கிராமத்தில் 2016இல் நடந்த சிண்டி-2 முகாமில், பல நாட்டுக் கருவிகளை ஒன்றாக நிறுத்தி அடிவானத்தை மேலும் கீழும் வருடிச் சோதித்தார்கள். ஒளிச்செறிவு திடீரென ஏறும் இடம் கண்ணுக்குத் தெரியும் அடிவானத்தோடு பொருந்த வேண்டும். அரை டிகிரி தள்ளியிருந்தால், 1 டிகிரி என்று எழுதி வைத்த அளவீடுகள் எல்லாம் 1.5 அல்லது 0.5.

இத்தனைக்கும் பிறகு காரணி இல்லாமல் முடியாது என்றால் போடுங்கள். ஆனால் எந்த நாள், எந்த அலைநீளம், எந்த ஏற்றக் கோணம் என்று சேர்த்தே எழுதுங்கள். காரணி இல்லாமல் வந்த விடையையும் பக்கத்தில் கொடுங்கள்.